ஏ ஊசியா, பி ஊசியா, கூட்டு ஊசியா? வெளிநாட்டில் வாழப்போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டத்து ஊரில் புறப்பாடும் வருகையும் ஒருசேர நடக்கின்றன. பால்மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் மருத்துவம் படிக்கச் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் போகிறார்கள். வேலைக்குச் சிங்கப்பூர் போகிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்த இளைஞர்கள் இங்கே உணவகங்களிலும் முடிதிருத்தும் கடைகளிலும் செம்பனைத் தோட்டங்களிலும் உழைக்கிறார்கள். மஞ்சள் காமாலைக்குத் தடுப்பூசி வேண்டும் என்று தனியார் கிளினிக்கில் கேட்டால் இரு தரப்பினருக்கும் கிடைப்பவை ஒரே மூன்று வழிகள்தாம்: ஹெபடைடிஸ் (ஈரல் அழற்சி) ஏ ஊசி, ஹெபடைடிஸ் பி ஊசி, இரண்டும் சேர்ந்த கூட்டு ஊசி. வசதி உள்ளவர்கள் மூன்றாவதைக் கேட்கிறார்கள். வசதி இல்லாதவர்கள் ஒன்றும் போடாமல் திரும்பிவிடுகிறார்கள். பலருக்கு இந்த இரண்டுமே பொருந்தாத முடிவுகள்.

இருபத்து நான்கு வயதுள்ள இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் இந்த ஊர் மருத்துவமனையில் பிறந்து, தாமான் (புதுக் குடியிருப்புப் பகுதி) வீட்டில் குழாய்த் தண்ணீர் குடித்து வளர்ந்து, இப்போது தமிழ்நாட்டுக்குப் படிக்கப் போகிறவர். மற்றவர் தமிழ்நாட்டின் ஒரு கிராமத்தில் பிறந்து, இங்கே வேலைக்கு வந்தவர். முதலாமவருக்குக் குழந்தைப் பருவத்திலேயே பி ஊசி போட்டிருப்பார்கள். ஏ கிருமியை அவர் உடம்பு பெரும்பாலும் பார்த்ததே இல்லை. இரண்டாமவருக்கு நேர் எதிர். ஏ கிருமி அவரைச் சிறுவயதிலேயே தொட்டுவிட்டுப் போயிருக்க வாய்ப்பு அதிகம். பி ஊசியோ போட்டிருக்க வாய்ப்புக் குறைவு. ஒரே வயது, ஒரே ஊர், ஒரே தெருவில் சாப்பாடு. தேவைப்படும் ஊசி மட்டும் வேறு. ஆகவே "எந்த ஊசி நல்லது?" என்று கேட்பதற்கு முன் பிறந்த ஆண்டு, பிறந்த நாடு, புறப்பட இருக்கும் தேதி ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளச் சொல்கிறேன். முடிவின் முக்கால் பங்கு அந்தத் தாளிலேயே கிடைத்துவிடும்.

வாய் வழியே ஒன்று, இரத்த வழியே ஒன்று

ஹெபடைடிஸ் ஏ வாய் வழியாக வருகிறது. நோயாளியின் மலத்தில் வெளியேறும் கிருமி கிணற்று நீரிலோ, ஐஸ் கட்டியிலோ, பச்சைக் காய்கறியிலோ, சமைப்பவரின் சரியாகக் கழுவாத கையிலோ ஏறி அடுத்தவர் வயிற்றுக்குள் போகிறது. உள்ளே போனபின் 15 முதல் 50 நாட்கள் வரை, சராசரியாக 28 நாட்கள், எந்த அடையாளமும் தெரியாது. கண் மஞ்சளாவதற்கு முந்தைய இரண்டு வாரங்களில்தான் நோயாளி அதிகமாகப் பரப்புகிறார் என்பதால், விடுதியில் ஒருவருக்குக் காமாலை என்று தெரிய வரும்போது அறைத் தோழர்களுக்கும் அது போய்ச் சேர்ந்திருக்கலாம்.

இந்த நோய் நாட்பட்டு நிற்பதில்லை. ஒருமுறை வந்து போனால் வாழ்நாள் முழுவதற்குமான எதிர்ப்பு ஆற்றல் கிடைக்கிறது. ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்கு நோய் வந்தது தெரியாமலே போய்விடும். வளர்ந்தவர்களில் பத்தில் ஏழு பேருக்கு மேல் காமாலையோடு படுக்கிறார்கள். வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில். ஊரை விட்டுத் தனியாக இருக்கும் மாணவனுக்கு ஒரு பருவத் தேர்வே போய்விடும். ஏற்கெனவே கல்லீரல் பழுதானவருக்கு இது உயிருக்கே ஆபத்து. மலிவான சம்சு சாராயம் தோட்டத்து மக்களின் ஈரலை எப்படித் தின்றது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். குடிப்பழக்கத்தால் ஈரல் கெட்டவர் வீட்டில் இருந்தால், அவர் எங்கும் போகாவிட்டாலும் ஏ ஊசியைப் பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும்.

ஏ நோய் என்றால் இந்தியத் தண்ணீர் மட்டும்தான் என்று எண்ண வேண்டாம். 1988-ன் தொடக்கத்தில் ஷாங்காய் நகரில் ஏறத்தாழ 3 லட்சம் பேருக்கு இந்த நோய் பரவியது. அரைவேக்காட்டில் தின்ற ஒருவகைச் சிப்பிதான் காரணம். நம் பேராக் கடலோரத்தில் கோல செப்பெத்தாங் பக்கம் வளர்க்கப்படும் கெராங் என்ற சிப்பியும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. வாய் திறந்த உடனே கொதிநீரிலிருந்து எடுத்துவிடுவதுதான் நம் கடைகளில் வழக்கம். அவ்வளவு சூடு உள்ளே இருக்கும் கிருமிக்குப் போதாது. கெராங் தின்பவர்கள் நன்றாக வெந்ததைக் கேட்டு வாங்க வேண்டும்.

ஹெபடைடிஸ் பி வேறு வழியில் வருகிறது: இரத்தம், உடலுறவு, பிரசவ நேரத்தில் தாயிடமிருந்து குழந்தைக்கு. சேர்ந்து சாப்பிடுவதால், ஒரே தம்ளரில் குடிப்பதால், கட்டிப்பிடிப்பதால் வருவதில்லை. காய்ந்த இரத்தத்தில் அந்தக் கிருமி உடம்புக்கு வெளியே ஏழு நாட்களாவது உயிரோடு இருக்கும் என்பதுதான் பலரும் அறியாத செய்தி. பத்துப் பேர் நெருக்கி வாழும் தொழிலாளர் விடுதியில் ஒரே சவரக்கத்தி கைமாறுவது, முடிதிருத்தும் கடையில் பிளேடு மாற்றாமல் அடுத்தவருக்குச் சவரம் செய்வது, தெருவோரத்தில் பச்சை குத்திக்கொள்வது எல்லாம் இதனால்தான் ஆபத்து. தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக் கோயிலில் அலகு குத்திக்கொள்ளும் பக்தர்களையும் இங்கே நினைக்கிறேன். வேல் உங்களுக்கென்று புதிதாக, கிருமி நீக்கியதாக இருக்கட்டும். ஒருவர் உடம்பில் ஏறி இறங்கியதைத் துடைத்துவிட்டு இன்னொருவருக்குப் போடுவதைப் பார்த்தால், பக்தியின் பெயரால் வாய்மூடி நிற்கக் கூடாது.

பி கிருமி எந்த வயதில் பிடிக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பிறக்கும்போதே தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது வாழ்நாள் முழுதும் தங்கிவிடும். வளர்ந்தபின் தொற்றினால் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவாகத்தான் தங்குகிறது. மற்றவர்கள் உடம்பே அதை விரட்டிவிடும். தங்கிவிட்டவர்களில் ஒரு பகுதியினருக்கு இருபது முப்பது ஆண்டுகள் கழித்து ஈரல் சுருக்கமோ ஈரல் புற்றோ வருகிறது. 2022-ல் உலகில் 25 கோடியே 40 லட்சம் பேர் இந்தக் கிருமியோடு வாழ்ந்தார்கள் என்றும், அந்த ஆண்டில் 11 லட்சம் பேர் இதனால் இறந்தார்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. தைவான் 1984-ல் பிறந்த குழந்தைகளுக்கு இந்த ஊசியைப் போடத் தொடங்கியது. பதின்மூன்று ஆண்டுகளுக்குள் அங்கே சிறுவர்களிடம் ஈரல் புற்று ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது தெரியவந்தது. ஒரு ஊசி புற்றுநோயைத் தடுக்கும் என்பதற்கு மருத்துவ உலகம் கண்ட முதல் பெரிய சான்று அது.

1989

மலேசியா தன் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் பி ஊசியைச் சேர்த்த ஆண்டு 1989. இந்த எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அதற்குப் பின் அரசு மருத்துவமனையிலோ கிளினிக்கிலோ பிறந்து, குழந்தைப் பருவ ஊசிகளை முறையாகப் போட்டுக்கொண்டவருக்கு மூன்று தவணை பி ஊசி கிடைத்திருக்கும். அதற்கு முன் பிறந்தவருக்குக் கிடைத்திருக்காது. லயத்து வீட்டில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) மருத்துவச்சி கையில் பிறந்து, காய்ச்சலுக்குத் தோட்டத்து டிரெசரிடம் (மருத்துவ உதவியாளரிடம்) மாத்திரை வாங்கிய தலைமுறையில் பெரும்பாலோருக்கு இந்த ஊசி போடப்படவே இல்லை. இன்று நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் இருக்கும் அவர்களில் சிலருக்குத் தாயிடமிருந்தே கிருமி வந்திருக்கலாம். வலி இல்லை, காமாலை இல்லை, ஒன்றும் இல்லை. இருப்பதே தெரியாது. வெளிநாடு போகிற மகனின் ஊசிச் செலவைக் கணக்குப் போடும் பெற்றோர் தங்களுக்கென்று ஒரு இரத்தப் பரிசோதனையையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பச் சொல்வேன்.

இந்தியாவில் பி ஊசி 2002-ல் சில இடங்களில் முன்னோட்டமாகத் தொடங்கி, நாடு முழுவதற்கும் 2011-ல்தான் வந்தது. எனவே இன்று தமிழ்நாட்டிலிருந்து இங்கு வேலைக்கு வரும் இளைஞர்களில் பலர் அந்தத் திட்டத்துக்கு முன் பிறந்தவர்கள்.

ஏ ஊசி இரு நாடுகளின் தேசியத் திட்டத்திலும் இல்லை. கைக்காசு கொடுத்துத்தான் போட வேண்டும். ஆனால் இதில் வயது தலைகீழாக வேலை செய்கிறது. ஆற்றுத் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் குடித்து வளர்ந்த பாட்டிக்கு ஏ நோய் குழந்தையிலேயே வந்து போயிருக்கலாம். அவர் காசிக்குப் போனாலும் இந்தக் கிருமி அவரை ஒன்றும் செய்யாமல் இருக்கலாம். அவரோடு துணைக்குப் போகும் பேத்திக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. "பாட்டிக்கு வயதாகிவிட்டது, ஊசி அவருக்குப் போடுவோம், சின்னவள் தாங்கிக்கொள்வாள்" என்று வீட்டில் முடிவு செய்வது இயல்பு. ஏ நோயைப் பொறுத்தவரை அது தலைகீழ் முடிவு. பாட்டிக்கு ஐயம் இருந்தால் ஓர் எதிர்ப்பணுப் பரிசோதனை போதும். பேத்திக்குப் பரிசோதனைகூட வேண்டாம், நேரே ஊசி போடலாம்.

நாட்காட்டி சொல்லும் முடிவு

ஏ ஊசி தனியாகப் போட்டால் இரண்டு தவணை. முதல் தவணை போட்ட இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் ஏறக்குறைய எல்லோருக்கும் பாதுகாப்பு வந்துவிடும். கிருமியின் மறைவுக் காலம் நீளமானது என்பதால், விமானம் ஏறும் நாளில் போட்டால்கூடப் பயன் உண்டு. ஆறு மாதத்துக்குப் பிறகு போடும் இரண்டாம் தவணை அந்தப் பாதுகாப்பை இருபது ஆண்டுகளுக்கும் மேல் நீட்டிக்கிறது.

பி ஊசி மூன்று தவணை: இன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாம் மாதத்தில் ஒன்று. ஒரே தவணையை நம்பிப் போக முடியாது. நாற்பது வயதுக்குள் மூன்றும் போட்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் பாதுகாப்புக் கிடைக்கிறது. அறுபது வயதில் அது எழுபத்தைந்து அளவுக்கு இறங்கிவிடுகிறது. தள்ளிப்போடுவதால் நஷ்டம்தான்.

கூட்டு ஊசியும் மூன்று தவணை, அதே கால இடைவெளி. விளம்பரத்தில் சொல்லாத ஒரு நுணுக்கம் இதில் உண்டு. பெரியவர்களுக்கான கூட்டு ஊசியான டுவின்ரிக்ஸில் ஏ பகுதி 720 அலகு. தனி ஏ ஊசியான ஹாவ்ரிக்ஸில் 1,440. ஒரு தவணைக்குச் சரிபாதி. மூன்று தவணையும் முடித்துவிட்டால் வேறுபாடு இல்லை. அடுத்த வாரம் புறப்படுகிறவர் கூட்டு ஊசியில் ஒன்றை மட்டும் போட்டுக்கொண்டு போனால், அதிகப் பணம் கொடுத்து ஏ பாதுகாப்பைக் குறைவாகவும், பி பாதுகாப்பை அரைகுறையாகவும் வாங்கிப் போகிறார். அவருக்குத் தனி ஏ ஊசியே சரி. பி-யைத் தனியாகத் தொடங்கி, போகும் ஊரில் தொடரலாம்.

இடையில் ஒரு வழி இருக்கிறது. பெரியவர்களுக்கு முதல் நாள், ஏழாம் நாள், இருபத்தோராம் நாள் என்று மூன்று தவணையை விரைவாகப் போட்டு, ஓராண்டு கழித்து நான்காவதைப் போடும் முறை. ஒரு மாத அவகாசமே உள்ளவருக்கு, பி பாதுகாப்பும் கட்டாயம் தேவைப்பட்டால், இது உதவும். அந்த நான்காவது ஊசி மறக்கப்பட்டால் நீண்டகாலப் பாதுகாப்பு உறுதியாக இருக்காது. ஓராண்டு கழித்து எங்கே இருப்போம் என்று தெரியாதவர்கள் இந்த வழியைத் தேர்ந்தெடுக்கும் முன் யோசிக்க வேண்டும்.

அப்படியானால் கூட்டு ஊசி யாருக்கு? 1989-க்கு முன் பிறந்து, இரத்தப் பரிசோதனையில் இரண்டுக்கும் எதிர்ப்பு இல்லை என்று தெரிந்து, புறப்பட ஆறு மாதம் அவகாசம் உள்ளவருக்கு. ஊசி குத்தும் தடவைகள் குறையும். மொத்தச் செலவும் பெரும்பாலும் குறையும். கிளினிக்கில் ஒரு தவணையின் விலையைக் கேட்காமல் முழுத் தொடருக்கும் எத்தனை வெள்ளி (ரிங்கிட்) என்று கேளுங்கள். ஒற்றைத் தவணை விலையை வைத்து ஒப்பிட்டால் கணக்கு எப்போதும் பிசகும்.

முதலில் இரத்தம் பார்ப்பது

ஊசிக்கு முன் பரிசோதனை என்பதைத் தனி வழியாகவே எண்ணுகிறேன். பி நோய்க்கு இதுவே சிறந்த முதல் அடி என்பது என் முடிவு. மூன்று பரிசோதனைகள் உள்ளன. கிருமியின் மேலுறைப் புரதம் இரத்தத்தில் இருக்கிறதா என்பது முதலாவது. இருந்தால் கிருமி உடம்பில் இருக்கிறது. அந்தப் புரதத்துக்கு எதிர்ப்பணு இருக்கிறதா என்பது இரண்டாவது; 10 அலகும் அதற்கு மேலும் இருந்தால் பாதுகாப்பு இருக்கிறது. கிருமியின் உட்கருவுக்கு எதிர்ப்பணு உள்ளதா என்பது மூன்றாவது. இது ஊசியால் வராது, உண்மையான தொற்று என்றோ வந்திருந்தால்தான் வரும். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஊசி போட்டவரா, நோய் வந்து போனவரா, நோயோடு இருப்பவரா, எதுவுமே இல்லாதவரா என்று தெளிவாகிவிடும். கிருமி ஏற்கெனவே இருப்பவருக்கு ஊசி போட்டால் கெடுதல் இல்லை, பயனும் இல்லை. கெடுதல் வேறிடத்தில் இருக்கிறது: ஊசி போட்டாயிற்று என்ற நிம்மதியில் அவர் சிகிச்சை பெறாமலே இருந்துவிடுவார்.

குழந்தையில் ஊசி போட்ட இளைஞர்களுக்கு ஒரு விளக்கம். இருபது வயதில் பார்க்கும்போது எதிர்ப்பணு 10 அலகுக்குக் கீழே இறங்கியிருக்கலாம். அதனால் பாதுகாப்பே போய்விட்டது என்று பொருளில்லை. உடம்பின் நினைவாற்றல் பெரும்பாலோரிடம் இருக்கிறது. மருத்துவம், செவிலியம், பல் மருத்துவம் படிக்கப் போகிறவர்களிடம் மட்டும் கல்லூரிகள் எதிர்ப்பணு அளவுக்குச் சான்று கேட்பது வழக்கம். அவர்கள் ஒரு தவணை கூடுதலாகப் போட்டு, ஒன்று இரண்டு மாதத்தில் மறுபடி அளவு பார்த்தால் பெரும்பாலும் எண் ஏறிவிடும்.

இனி, இங்கு வேலைக்கு வர இருப்பவர்களுக்கும் அவர்களை வரவழைக்கும் உறவினர்களுக்கும் சொல்ல வேண்டியது. வெளிநாட்டுத் தொழிலாளர் நாட்டுக்குள் வந்த ஒரு மாதத்துக்குள் ஃபோமெமா மருத்துவப் பரிசோதனைக்குப் போக வேண்டும். அதில் ஹெபடைடிஸ் பி பார்க்கப்படுகிறது. கிருமி இருப்பதாக வந்தால் வேலைக்குத் தகுதியில்லை என்று திருப்பி அனுப்பப்படுகிறார்கள். நகையை அடகு வைத்து, வட்டிக்கு வாங்கி, முகவருக்குக் கட்டியபின் அந்தத் தாள் கையில் வருவதைவிடக் கொடுமை ஒரு குடும்பத்துக்கு இல்லை. ஊரிலிருந்தே, பணம் கட்டும் முன்னரே, கிருமி இருக்கிறதா என்று தனியாக ஒரு பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள். ஊசியின் விலையோடு ஒப்பிட்டால் அந்தப் பரிசோதனைக்கு ஆகும் செலவு சிறியது.

இன்னொன்று மிக முக்கியம். பி ஊசியில் இருப்பது அதே மேலுறைப் புரதம்தான். ஊசி போட்ட சில நாட்களுக்கு அது இரத்தத்தில் தென்பட்டு, நோய் இல்லாதவருக்கும் பரிசோதனை "இருக்கிறது" என்று காட்டக்கூடும். ஊசிக்குப் பின் 18 நாட்கள் வரை இப்படி நேர்ந்தது பதிவாகியிருக்கிறது. எனவே மருத்துவப் பரிசோதனைக்கு முந்தைய வாரம் நல்லெண்ணத்தில் பி ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள். பரிசோதனையை முடித்துவிட்டு ஊசியைத் தொடங்குங்கள். அல்லது ஊசி போட்டு ஒரு மாதமாவது கழித்துப் பரிசோதனைக்குப் போங்கள். இரத்ததானம் செய்பவர்களுக்கும் இதே விதிதான்.

கிருமி இருப்பதாகவே முடிவு வந்துவிட்டால்? மனம் உடையும், ஆனால் வாழ்க்கை முடிந்துவிடவில்லை. எல்லோருக்கும் உடனே மருந்து தேவைப்படாது. தேவைப்படுபவர்களுக்கு டெனோஃபோவிர், என்டகாவிர் போன்ற மாத்திரைகள் கிருமியைப் பல ஆண்டுகள் அடக்கி வைக்கின்றன. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஈரலைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தியாவில் 2018 ஜூலை 28-ல் தொடங்கிய தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். திருப்பி அனுப்பப்பட்டவர் வெட்கப்பட்டு வீட்டுக்குள் முடங்காமல் அந்தக் கதவைத் தட்ட வேண்டும். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பரிசோதனை, இல்லாதவர்களுக்கு ஊசி. தட்டையும் தம்ளரையும் தனியே ஒதுக்கி வைப்பது பாவம். அதற்கு மருத்துவக் காரணம் எதுவுமில்லை.

எதுவும் போடாமல் இருப்பது

இதுவும் பலர் தேர்ந்தெடுக்கும் வழி என்பதால் மதிப்போடு பார்ப்போம். கொதித்த தண்ணீர், சூடான சாப்பாடு, ஐஸ் இல்லாத பானம், சோப்பால் கழுவிய கை: இவை ஏ நோயை நிச்சயம் குறைக்கும். தண்ணீர் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். கையில் தடவும் ஆல்கஹால் திரவத்துக்கு ஏ கிருமி எளிதில் பணியாது. சோப்பும் ஓடும் நீரும் வேண்டும். இரண்டு வார யாத்திரைக்கு இந்த ஒழுக்கம் சாத்தியம். ஐந்து ஆண்டு விடுதி வாழ்க்கைக்கு ஒரு பிள்ளையால் முடியாது. நண்பர்களோடு ஒரு நாள் சாலையோரத்தில் கரும்புச்சாறு குடிக்கத்தான் செய்வான். நீண்ட காலம் தங்குகிறவருக்கு ஏ ஊசி வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

கீழாநெல்லி இருக்கிறதே என்பார்கள். நம் வீடுகளில் அதன் மேல் உள்ள நம்பிக்கையை எள்ளி நகையாடுகிறவன் அல்லன் நான். 1988-ல் சென்னை ஆய்வாளர் எஸ். பி. தியாகராஜன் குழுவினர் லான்செட் இதழில் ஒரு முடிவை வெளியிட்டார்கள். பி கிருமி தங்கியவர்களுக்கு 30 நாட்கள் கீழாநெல்லிப் பொடி கொடுத்ததில் 37 பேரில் 22 பேரிடம் மேலுறைப் புரதம் மறைந்தது. வெற்று மருந்து பெற்ற 23 பேரில் ஒருவரிடம்தான் மறைந்தது. பி கிருமியைக் கண்டுபிடித்து 1976-ல் நோபல் பரிசு பெற்ற பாரூக் புளூம்பெர்க்கும் அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர். உலகமே திரும்பிப் பார்த்தது. பின்னர் வேறு இடங்களில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. ஏ நோயோ தானாகவே ஆறிவிடும். கீழாநெல்லி குடித்தாலும் ஆறும், குடிக்காவிட்டாலும் ஆறும். நோய் வருவதற்கு முன்பே தடுக்கும் வேலையை அந்தச் செடி செய்யும் என்பதற்குச் சான்று இல்லை. ஊசிக்குப் பதில் அதை வைத்துக்கொள்ள முடியாது.

அதோடு, தோட்டத்துப் பக்கம் காய்ச்சலோடு கண் மஞ்சளானால் அது எலிக்காய்ச்சலாகவும் இருக்கலாம். எலியின் சிறுநீர் கலந்த சேற்றில் வெறுங்காலோடு வேலை செய்பவர்களுக்கு வரும் அந்த நோய்க்கு உடனடி மருந்து தேவை. மூன்று நாள் பத்தியம் இருந்து பார்ப்போம் என்று காத்திருந்தால் சிறுநீரகம் போய்விடும்.

ஹெபடைடிஸ் சி நோய்க்கு ஊசியே இல்லை. ஆனால் மாத்திரையால் முற்றிலும் குணமாகிறது. மலேசிய அரசு 2017-ல் சோஃபோஸ்புவிர் மருந்துக்கு அரசுப் பயன்பாட்டு உரிமத்தைப் பிறப்பித்து, காப்புரிமை விலையைத் தாண்டி, அரசு மருத்துவமனைகளில் சிகிச்சையைக் கொண்டுவந்தது. 2021-ல் ராவிடாஸ்விர் என்ற துணை மருந்தும் இங்கே முதலில் பதிவு பெற்றது. எப்போதேனும் ஊசிப் போதைப்பொருளைத் தொட்டவர்கள், பல ஆண்டுகளுக்கு முன் இரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், கடையில் பச்சை குத்தியவர்கள் பி பரிசோதனைக்குக் கொடுக்கும் அதே இரத்தத்தில் சி-யையும் பார்த்துவிடலாம்.

ஹெபடைடிஸ் இ நோய் ஏ-யைப் போலத் தண்ணீரில் வருகிறது. 1955-56-ல் டில்லியில் யமுனை நீரில் சாக்கடை கலந்ததால் ஏறத்தாழ 29,000 பேருக்குக் காமாலை கண்டது; அது இ கிருமியின் வேலை என்பது பல ஆண்டுகள் கழித்துத் தெரிந்தது. கர்ப்பிணிகளுக்கு, அதிலும் கடைசி மூன்று மாதங்களில், இது மிகக் கொடியது; அந்தக் கட்டத்தில் நோய் கண்ட தாய்மாரில் ஐந்தில் ஒருவர் வரை இறந்திருக்கிறார்கள். சீனாவில் இதற்கு ஓர் ஊசி உண்டு. நம் கிளினிக்குகளில் கேட்டு வாங்கும் நிலையில் அது இல்லை. எனவே மருமகள் எட்டாம் மாதத்தில் இருக்கும்போது தமிழ்நாட்டில் உறவினர் கல்யாணம் வந்தால் அவரை அனுப்பாதீர்கள். மற்றவர்கள் போய்வரட்டும். தவிர்க்கவே முடியாது என்றால் கொதித்த தண்ணீரைத் தவிர வேறெந்தத் தண்ணீரும் அவர் வாயில் படக் கூடாது. பல் துலக்கவும் அதுவேதான்.

யாருக்கு எது

ஊசி அட்டையோடு தமிழ்நாட்டுக்கு மருத்துவம் படிக்கப் போகும் பிள்ளைக்கு: ஏ ஊசி இரண்டு தவணை, பி எதிர்ப்பணு அளவு. கூட்டு ஊசி வேண்டாம். ஏற்கெனவே உள்ளதற்கு இரண்டாம் முறை பணம் கட்டுவானேன்?

சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவருக்குத் தண்ணீரைப் பற்றிய கவலை குறைவு. அவர் 1989-க்கு முன் பிறந்தவர் என்றால் பி பரிசோதனையும் ஊசியும் முதலில். உணவகச் சமையலறையில் வேலை என்றால் ஏ ஊசியும் போட்டுக்கொள்ளட்டும். அவருக்கு வந்தால் அவர் கையால் பலருக்குப் போகும்.

தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே ஃபோமெமா தாண்டிவிட்ட தம்பிக்கு: கிருமி இல்லை என்பது தெரிந்துவிட்டது, பாதுகாப்பு இருக்கிறது என்று ஆகிவிடவில்லை. இந்தச் சம்பளத்தில் ஒன்று, அடுத்த மாதச் சம்பளத்தில் ஒன்று, ஆறாம் மாதத்தில் ஒன்று என்று மூன்று பி ஊசியையும் போட்டுக்கொள்ளட்டும். முதலாளிகளிடம் நேராகவே கேட்கிறேன்: முடிதிருத்தும் கடை நடத்துகிறவர் தம் ஆட்களுக்கு இந்தச் செலவை ஏற்றுக்கொண்டால் என்ன? ஒவ்வொரு நாளும் பிளேடு பிடிக்கிற கை அது.

காசி யாத்திரை போகும் பெரியவர்களுக்கு ஏ எதிர்ப்பணு பார்க்கலாம். இருந்தால் ஊசிச் செலவு மிச்சம். பி-யை அவர்கள் யாத்திரைக்காகப் பார்க்க வேண்டியதில்லை, தங்களுக்காகப் பார்க்க வேண்டும்.

இடையில் தவணை தவறிவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டுமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மூன்று மாதம் தள்ளினாலும் ஓராண்டு தள்ளினாலும் போட்ட ஊசி வீணாவதில்லை. இடைவெளி நீண்டால் குற்றமில்லை, குறைந்தால்தான் குற்றம்: பி மூன்றாம் தவணை முதலாவதிலிருந்து 16 வாரத்துக்கு முன் வரக் கூடாது, ஏ இரண்டாம் தவணை ஆறு மாதத்துக்கு முன் வரக் கூடாது. இங்கே தொடங்கியதைச் சென்னையில் வேறு நிறுவனத்தின் ஊசியால் முடிக்கலாம். ஏ ஊசியில் மட்டும் ஒரு கவனம்: இந்தியாவில் வலுக்குறைத்த உயிர்க்கிருமியால் ஆன ஒற்றைத் தவணை ஊசியும் விற்கிறது. உங்களுக்கு இங்கே போட்டது செயலிழக்கச் செய்த கிருமி ஊசி என்று சொல்லி, அதே வகையில் இரண்டாவதைக் கேளுங்கள். ஊசியின் பெயர், தொகுதி எண், தேதி மூன்றும் அட்டையில் எழுதப்பட்டிருக்கிறதா என்று கிளினிக்கை விட்டு இறங்கும் முன் பாருங்கள். அந்த அட்டையைப் படமெடுத்து, வெளிநாடு போகிறவர் கைப்பேசியிலும், வீட்டில் இருக்கும் ஒருவர் கைப்பேசியிலும் வைத்துவிடுங்கள்.